பாதிரோடு

பென்னாகரத்துத் தார்ச்சாலை பிரிகிற இடத்திலிருந்து
ஆவரங்கொட்டாய் ஏழு கிலோமீட்டர், இருநூறு மீட்டர்.
நாடாவின் இந்த முனை என் கையில்,
அந்த முனை கேங்மேன் சென்றாயன் கையில்.
நடுவில் கொள்ளுக்காடு, இரண்டு ஓடை,
காப்புக்காட்டை உரசிக்கொண்டு ஒரு நானூற்று எண்பது மீட்டர்.

முதல் மதிப்பீடு தருமபுரி போய்த் திரும்பியது:
"விலைவிகிதம் மாறிவிட்டது. புதிய விகிதத்தில் அனுப்புக."
அனுப்பினேன்.
அது சென்னையில் ஏதோ மேசையில் கிடக்கும்போதே
விகிதம் மறுபடி மாறியது.
ஜல்லி ஏறியது, தார் ஏறியது, ஆள்கூலி ஏறியது.
பஸ் மட்டும் மேடேறவில்லை.

வனத்துறையிலிருந்து ஒரு கடிதம்.
பதில் எழுதவே ஒரு மழைக்காலம் போயிற்று.

ஐந்தாம் முறை வந்த குறிப்பு பச்சை மையில்:
"நிதி இருப்புக்கேற்ப நீளத்தைக் குறைக்கவும்."

ஊரை இழுத்துக் கிட்டே வைக்க முடியாது.
கால்குலேட்டரை எடுத்தேன்.
வந்த தொகையை ஒரு கிலோமீட்டர் விலையால் வகுத்தால்
மூன்று புள்ளி நான்கு.
புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்த நான்கு
எங்கே போய் விழுகிறதென்று
நடந்து பார்த்தபோதுதான் தெரிந்தது:
மாதேசனின் கொள்ளுக்காட்டு மூலை.
வீடில்லை, வளைவில்லை, ஒதுங்க ஒரு மரமில்லை.
பணம் முடிந்த இடம், அவ்வளவுதான்.
கல் நட்டு, சிவப்புப் பெயிண்டில் 3/400 என்று எழுதினேன்.

பஸ் வந்தது.
கண்டக்டர் திம்மராயன் போன் செய்தார்:
"மேடம், மெஷினில ஸ்டேஜ் பேரு கேக்குது, என்னன்னு போட?"
"மூன்று பை நானூறு."
மெஷின் சாய்கோட்டை ஏற்காதாம்.
பாதிரோடு என்று அவரே போட்டுக்கொண்டார்.

இப்போது அங்கே ஒரு டீக்கடை, ஒரு ரீசார்ஜ் பெட்டி.
கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சேறிவிட்டது:
"பாதிரோட்டிலிருந்து வேன் வசதி உண்டு."

கெம்பம்மா மூட்டையோடு இறங்குகிறாள்.
கையிலிருக்கும் டிக்கெட்டில் கட்டணம் பூஜ்யம்.
"வண்டியில நம்மகிட்ட காசு வாங்கறதில்லை.
மிச்சம் மூணேமுக்காலுக்கு
அவங்ககிட்ட காசு இல்லை.
சரியாப் போச்சு"
என்று சொல்லி மூட்டையைத் தலைக்கேற்றினாள்.

பணிமனையில் வேறு கணக்கு.
டீசல் இவ்வளவு, டயர் இவ்வளவு, வசூல் இவ்வளவு.
நாலு நடை ரெண்டாயிற்று.
நடை குறைந்ததால் ஆள் குறைந்தது.
ஆள் குறைவு, ஆகவே சாலை நீட்டிப்புக்கு முகாந்திரமில்லை
என்று என் கோப்புக்கே வந்து சேர்ந்தது.

முகாந்திரம் தேட, வண்டிகளை எண்ணச் சொன்னார்கள்.
காலை ஆறு முதல் மாலை ஆறு,
கல்லுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி.
பஸ் இரண்டு. டிராக்டர் ஒன்று. பைக் முப்பத்தொன்று.
நடப்பவருக்குப் படிவத்தில் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டேன், ஐந்தைந்தாக:
நூற்றுப் பன்னிரண்டு.
மேலே போன நகலில்
அந்த ஓரம் ஜெராக்ஸில் விழவில்லை.

இந்த வருடம் நிதி வந்துவிட்டது,
அதே மூன்று புள்ளி நான்கைப் புதுப்பிக்க.
மீதிக்காகக் காத்திருந்ததில்
போட்ட தார் பெயர்ந்துபோயிருந்ததே.

அளக்கப் போனோம்.
மூன்று நானூறு வந்தது, கல் வரவில்லை.
திரும்ப அளந்தோம்.
தார் முடிந்து இருபத்திரண்டு மீட்டர் தள்ளி,
ஊரைப் பார்த்த திக்கில்,
தூக்குநூல் விட்ட மாதிரி நேராக நின்றது.
அடியில் புது மண், மிதித்து இறுக்கிய தடம்.
டீக்கடையில் யாரும் என் பக்கம் திரும்பவில்லை.
சென்றாயன் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்.

டெண்டர் இல்லை. ஒப்பந்தக்காரர் இல்லை.
செலவுத் தலைப்பு எதுவும் இல்லை.

பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன்.
கல் நின்ற இடத்திலேயே குனிந்து
மங்கிய எண்ணின் மேல் பிரஷ்ஷை ஓட்டினேன்.
3/400.

"பெயிண்ட் காயணும்" என்றேன்,
யார் முகத்தையும் பார்க்காமல்.
"இன்னைக்கு ராத்திரி மட்டும் தொடாதீங்க."